மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டை

இந்த நாற்காலியின் இடது பின்கால் மற்ற மூன்றை விடக் கொஞ்சம் குட்டை. குறை சொல்லவில்லை மேடம், உட்கார்ந்ததும் தெரிந்தது, சொன்னேன். ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். பத்தொன்பது வருடம் பொருள்களைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். கை சும்மா இருந்தாலும் புத்தி சும்மா இருக்காது.

நான் கொண்டு வந்த அந்த ஆய்வுக்கூட அறிக்கையை நீங்கள் மூடி வைத்துவிடலாம். அதில் உள்ளது அத்தனையும் சரி. நானே ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன். அறிக்கையில் 'என்ன' மட்டும்தான் இருக்கும், 'ஏன்' இருக்காது. விசாரணை அதிகாரிக்கு 'ஏன்' தெரியாவிட்டால் தூக்கம் வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எங்கள் நிறுவனம் கைபேசி தயாரிக்கிறது. என் சோதனை அறை மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரில். போனைக் கீழே போடுவதற்கு ஒரு எந்திரம், வளைப்பதற்கு ஒன்று. ஹெட்போன் பின்னை ஓட்டைக்குள் சொருகிச் சொருகி எடுக்க ஒரு இரும்புக் கை. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஐந்து சதவீத உப்புத் தண்ணீரைப் பனி போலத் தூவும். கடலோரத்தில் குடியிருப்பவர்களின் போன் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதற்கு. அலுவலகத்தில் என்னை 'உடைப்பாளர்' என்பார்கள். புதுப் போனை உடைக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சந்தோஷமான வேலை.

அந்த வருடம் அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. அடுத்த மாடலில் அந்த மூன்றரை மில்லிமீட்டர் ஹெட்போன் ஓட்டை இருக்கட்டுமா, வேண்டாமா என்பதுதான் சண்டை. வேண்டாம் என்ற கட்சிக்குத் தலைவி எங்கள் வடிவமைப்பாளர். "அது ஒண்ணு மட்டும் இவ்வளவு இடத்தத் தின்னுது. அத எடுத்தா பேட்டரியப் பெருசாக்கலாம், தண்ணி உள்ள போகாது, போன் இன்னும் மெலிசாகும்" என்பார். இருக்கட்டும் என்ற கட்சிக்குத் தலைவர், அந்த ஓட்டையை வடிவமைத்த பொறியாளர். எல்லோருக்கும் அவர் 'ஓட்டைக்காரர்'. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாரே தவிர, கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டைக்காரர் பதினோரு வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். வாதத்தில் அவரை வெல்வது கஷ்டம். "வயரு இருக்கிற ஹெட்போனுக்கு சார்ஜே வேணாம். கண்ணு தெரியாதவங்க கூடத் தடவிப் பார்த்துச் சொருகிடுவாங்க. போனை சார்ஜ் போட்டுக்கிட்டே பாட்டும் கேக்கலாம். இதெல்லாம் ஏன் பிடுங்கணும்?" என்பார். ஒரு கூட்டத்தில் பொது மேலாளர் முன்னாலேயே சொன்னார்: "மனுஷன் மூஞ்சியிலயே ஏழு ஓட்டை இருக்கு சார். எடுத்துட்டா மெலிசாகும்னு யாராவது எடுத்துட்டாங்களா?" பொது மேலாளர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அன்றைக்கு வாக்கெடுப்பு வைத்திருந்தால் ஓட்டை ஜெயித்திருக்கும்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இரும்புக் கை பத்தாயிரம் தடவை சொருகி எடுத்தும் அந்த ஓட்டைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. "உங்க ஓட்டை உங்களை விடக் கெட்டி" என்று அவரிடம் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். மகள் கல்லூரியில் முதல் வருடம். பதினெட்டு வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். மூன்று பேர், மூன்று அறை, ஒரு சோபா, ஒரு நாற்காலி. நாற்காலி என்னுடையது.

மாலை ஏழு மணியானால் அவர்கள் இருவரும் சோபாவில் வந்து உட்காருவார்கள். பாப்பாவின் போன், ஒரே ஒரு இயர்போன். ஒரு முனை அம்மா காதில், இன்னொரு முனை மகள் காதில். எட்டு மணி வரை ஏதோ கேட்பார்கள். கேட்டுக்கொண்டே சிரிப்பார்கள். முதலில் இரண்டு பேரின் தோளும் குலுங்கும், பிறகு ஒரே நேரத்தில் வெடித்துச் சிரிப்பார்கள். எதிர் நாற்காலியில் நான் செய்தித்தாள் படிப்பேன்.

எனக்கு அக்கறை வந்தது. தலையைச் சாய்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்துக்கு நல்லதில்லை என்று எங்கேயோ படித்திருந்தேன். அவர்கள் தூங்கப் போன பிறகு அந்த இயர்போனை எடுத்து அளந்து பார்த்தேன். வயர் இரண்டாகப் பிரிகிற இடத்திலிருந்து காது வரை முப்பத்தைந்து சென்டிமீட்டர். அதை இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் இரண்டு தலைக்கும் நடுவே ஒரு சாண்தான் மிஞ்சும். பாப்பா பால்குடி மறந்த பிறகு அவர்கள் இவ்வளவு ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அதை எடுத்து என் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாளே பச்சை நிறத்தில் புதியது வந்துவிட்டது. அடுத்து, என் நாற்காலிக் காலை வயரின் மேல் வைத்து அழுத்தமாக உட்கார்ந்தேன். பாப்பா அறுந்த இடத்தைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிச் சரிசெய்துவிட்டாள். "அப்படியே அப்பா கை" என்றாள் மனைவி. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கிளையை வெட்ட வெட்டத் துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். வயரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அது போய்ச் சொருகுவதற்கு ஓர் இடம் இருக்கிறதே, அதுதான் வேர். அந்த வேரைப் பிடுங்கலாமா என்று எங்கள் நிறுவனமே யோசித்துக்கொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி.

வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு பொதுச் சோதனை உண்டு. ஓட்டை வைத்த புது மாடல் போன்களை இருநூற்று நாற்பது பேரிடம் கொடுப்போம். ஆறு வாரம் பயன்படுத்துவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டு வந்து என் அறையில் வைத்துவிட்டு, நான் பரிசோதித்த பிறகு மாலையில் எடுத்துப் போவார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் போன்களோடு நான் மட்டும்தான்.

உப்புப் பெட்டியின் தொட்டியிலிருந்து ஊசியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஓட்டைக்குள் ஒரு சொட்டு. அவ்வளவுதான். முதல் வெள்ளிக்கிழமை பத்து போன். அடுத்த வாரம் முப்பது. ஆறாவது வாரம் வந்தபோது மொத்தம் நூற்று முப்பத்தொன்பது. காதும் காதும் வைத்தாற்போல் என்பார்கள், ஹெட்போன் விஷயத்தில் அதை விடப் பொருத்தமாக ஒரு காரியம் நடந்திருக்காது. சாப்பாட்டு மேசையில், "ஏன் நீங்க மட்டும் வெள்ளிக்கிழமை சாப்பிட வர்றதில்ல? விரதமா?" என்று ஓட்டைக்காரர் விசாரித்தார். "வேலை இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. அவர் எனக்காக ஒரு வாழைப்பழத்தை எடுத்துவைத்து, மாலையில் மேலே கொண்டு வந்து கொடுப்பார்.

உப்பு ஏறியதும் உள்ளே இருக்கும் தகடுகள் அரிக்கத் தொடங்கும். ஹெட்போன் சொருகாமலே சொருகியிருப்பதாகப் போன் நினைத்துக்கொண்டு ஊமையாகிவிடும். மக்கள் வந்து புகார் எழுதினார்கள். நான் அதையெல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். என் அறிக்கை எப்போதும் சுத்தமாக இருக்கும் மேடம், வாங்கிப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

கூட்டத்தில் பொது மேலாளர் கேட்டார்: "ஆறே வாரத்துல பாதிக்கு மேல போச்சுன்னா என்னய்யா அர்த்தம்?"

ஓட்டைக்காரர் எழுந்து நின்றார். அவருக்கு நகைச்சுவை எதுவும் வரவில்லை. "இது இப்படி ஆகாது சார். என் கையால செஞ்சது, எனக்குத் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பத்தாயிரம் தடவை சொருகிப் பார்த்தவர் நீங்கதான?"

"எந்திரம் வேற, மனுஷங்க வேற" என்றேன் நான். எவ்வளவு நியாயமான வாக்கியம் பாருங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனாலும் பொது மேலாளருக்கு மனம் வரவில்லை. அவரும் வயர் ஹெட்போன்காரர்தான். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேணாம் சார், இன்னொரு தடவை சோதிக்கலாம்" என்று ஓட்டைக்காரர் கெஞ்ச, அவரும் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அந்த இரண்டு வாரத்தில்தான் கேன்டீன் அக்கா விஷயம் நடந்தது.

கேன்டீன் அக்கா எங்கள் சமையல்காரர். இருநூற்று நாற்பது பேரில் அவரும் ஒருவர். வெள்ளிக்கிழமை அவர் போனைக் கையில் எடுத்தபோதே கதகதப்பாக இருந்தது. நான் முன்பு விட்ட சொட்டு ஓட்டையோடு நிற்காமல், பேட்டரிக்குப் போகும் இணைப்பு வரை ஊர்ந்து போயிருந்தது. வெப்பமானி நாற்பத்தொன்பது டிகிரி காட்டியது. படிவத்தில் முப்பத்துமூன்று என்று எழுதினேன். நாற்பத்தொன்பது என்று எழுதினால் போனைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பிரித்தால் உப்பு தெரியும். மாலையில் அக்கா வந்தார். "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார். "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிக் கையில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போன் அவருடைய ஏப்ரன் பையில் வெடித்தது. வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது.

மருத்துவமனைக்கு முதலில் போனவன் நான்தான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா படுத்துக்கொண்டே வேடிக்கையாகப் பேசினார். "கெட்டதுலயும் ஒரு நல்லது தம்பி. இருபது வருஷத்துல முதல் தடவையா வேற யாரோ சமைச்சு நான் சாப்பிடுறேன். உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி." நான் வேண்டியதை விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். "என் தப்புதான். சமையக்கட்டு ஈரத்துல அதப் போய்ப் பையில வச்சிருந்தேன்" என்றார். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஈரம் ஹெட்போன் ஓட்டை வழியாகப் போயிருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சேர்த்துக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது, ஒரு வேலையைச் சரியாக முடித்த நிம்மதி இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தத் தாளைப் பொது மேலாளர் இரண்டு முறை படித்தார். ஓட்டைக்கு எதிராக முதலில் கை தூக்கியவர் அவர்தான். ஓட்டைக்காரரைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். ஒரு மாதத்தில் அவரை வேலையிலிருந்தும் எடுத்தார்கள், ஒரு பெண்ணுக்குக் காயம் பட்ட வடிவமைப்பு அவருடையது என்று. வழியனுப்பு விழாவில் பேசியது நான்தான். நன்றாகப் பேசினேன், வடிவமைப்பாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓட்டைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க ஒருத்தராவது என்னை நம்புறீங்களே, அது போதும்" என்றார்.

புது மாடல் வந்தது. ஓட்டை இல்லை. நன்றாகவே விற்றது. போட்டி நிறுவனம் ஒன்றும் எங்களைப் பார்த்து ஓட்டையை அடைத்தது. எங்கள் தெருமுனைக் கடையில் வயர் இயர்போன்கள் தொங்கிய கம்பியில் இப்போது சாவிக்கொத்துகள் தொங்குகின்றன. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதைப் பார்ப்பேன். சும்மா சொல்லக் கூடாது, நம்மால் உலகத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது என்ற எண்ணம் ஒரு மனிதனுக்குத் தெம்புதான்.

ஊழியர்களுக்கு இரண்டு போன் சலுகையில் கொடுத்தார்கள். ஒன்று மனைவிக்கு, ஒன்று பாப்பாவுக்கு. கூடவே டப்பாவில் வயர் இல்லாத காதுக்கருவி. முதல் நாள் மாலை ஏழு மணிக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சோபா காலியாக இருந்தது. மனைவி சமையலறையில், பாப்பா அவள் அறையில். கழுத்து நேராக, ஆளுக்கொரு பக்கம். பாத்திரம் கழுவும் சத்தம் தவிர வீடே அமைதி. அன்றைக்குச் செய்தித்தாளில் விளம்பரம் வரை ரசித்துப் படித்தேன்.

ஏழேகால் இருக்கும். சமையலறையில் சிரிப்புச் சத்தம். அதே நொடியில் பாப்பாவின் அறையிலும்.

எழுந்து போய்ப் பார்த்தேன். மனைவியின் ஒரு காதில் ஒரு கருவி. பாப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். அவளுடைய ஒரு காதில் அதன் ஜோடி. ஒரே போன், ஆளுக்கு ஒன்று. நடுவே ஒரு சுவரும் பத்தடி தூரமும் இருந்தும் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. முன்பாவது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, கூடத்தில் நான். தொழில்நுட்பம் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? முழுச் சோதனை செய்யாமல் ஒரு பொருளை வெளியே விட்டால் இப்படித்தான் ஆகும். தவறு என் மேல்தான்.

ஒரு வருடம் போனது. வேலை போன ஓட்டைக்காரர் ஒரு சிறிய ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் நிறுவனம் பழைய சோதனைப் போன்களைக் கழிவாக விற்றபோது, உதிரிப் பாகத்துக்கு ஆகும் என்று ஒரு கூடை வாங்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தவருக்கு வேலையே ஓடவில்லையாம். இரண்டு நாள் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்திருக்கிறார். பிறகு சிலவற்றை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார்.

பாப்பா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் பையிலிருந்து ஒரு போனையும் ஆய்வுக்கூட அறிக்கையையும் எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ஹெட்போன் ஓட்டை முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கு. பக்கத்துலயே சார்ஜ் போடுற ஓட்டை, அது பளபளன்னு இருக்கு. தண்ணிக்கு வழி தெரியுமா என்ன, இதுல மட்டும் போறதுக்கு?"

நான் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"வேர்வையும் இல்ல, கடல் தண்ணியும் இல்ல, சோதனைக்கு வாங்குற சுத்த உப்புன்னு ஆய்வுக்கூடத்துல சொல்றாங்க. அது எந்த ரூம்ல இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். குரல் உயரவே இல்லை. "மெலிசா இருக்கணும்னு ஆசைப்பட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே இரண்டு அறையிலும் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவர் தலையைத் தூக்கினார். "எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"தெரியாது. ஏதோ கேக்குறாங்க."

"என்னன்னு கேட்டதில்லையா?"

"இல்ல."

அவர் அறைகளின் பக்கம் ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். புரிந்துகொண்டாரா, தெரியாது. டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்தார். "என் வேலை போனது போகட்டும். அந்த அக்காவால இன்னிக்கும் சம்மணம் போட்டு உட்கார முடியல. தன் தப்புன்னே இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. போலீசுல நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா பழிவாங்குறேன்னு நினைப்பாங்க. புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது பாப்பாவிடம், "டீ நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தால் நிறுவனத்துக்குத்தான் லாபம்.

இன்று செவ்வாய். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். அறிக்கையைக் கெடு தேதிக்கு முன்னால் கொடுப்பதுதான் என் வழக்கம்.

அவர்கள் என்னதான் கேட்டார்கள் என்று நீங்களும் கேட்கிறீர்கள். உண்மையாகவே தெரியாது மேடம். ஒரு தடவை, அந்தப் பச்சை வயர் இருந்தபோது, மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் தன் காதில் இருந்ததைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். "என்னங்க, இந்த இடத்தை மட்டும் கேளுங்களேன்" என்றாள். பாப்பா தள்ளி உட்கார்ந்து சோபாவின் நடுவில் எனக்கு இடம் விட்டாள். செய்தித்தாளில் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. "அப்புறம்" என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். நானாக எழுந்து போய் என்னவென்று கேட்டிருந்தால் ஏங்கிப்போய் வந்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். நூற்று முப்பத்தொன்பது போனிலும் உப்புத் தண்ணீர் விட்டது நான். வெப்பத்தைக் குறைத்து எழுதியது நான். சூடாகிறது என்று தெரிந்தே அக்கா கையில் கொடுத்ததும் நான். ஓட்டைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இந்த மூன்றாவது பத்தியில் 'பொறாமை காரணமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.